மறு: கல்லூரிக் கடன் கலைச்சொற்கள் – ‘மானியக் கடன்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிக் கடன் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு நான் போட்ட தமிழ்ப் பட்டியலுக்கு ஒரே வாரத்தில் இத்தனை மறுமொழி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: எங்கள் நியூ ஜெர்சி தமிழ்ப் பள்ளியில், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஃபாஃப்சா, அதாவது படிப்புச் செலவுக்கு அமெரிக்க அரசிடம் பணம் கேட்கும் விண்ணப்பம் பற்றி இரண்டு பக்கத் துண்டறிக்கை போடுகிறோம். வழக்கமாக அக்டோபர் 1 அன்று விண்ணப்பம் திறக்கும், அதற்குள் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளை எச்-4 விசாவில் (கணினி வேலை போன்றவற்றுக்கு வருபவர்களின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருந்தால் இந்தப் பணம் கிடையாது. குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி நிலை போன்றவை இருந்தால்தான் உண்டு. ஆகவே எங்கள் வாசகர்களில் பலர் கணினிக்காரர்கள் இல்லை. அண்ணனோ அக்காவோ மனுப் போட்டு வந்து, கடையிலும் கிடங்கிலும் வேலை பார்ப்பவர்கள். தமிழ் சரளமாகப் படிப்பார்கள், ஆங்கிலப் படிவம் என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.

> சப்ஸிடைஸ்டு லோன் = மானியக் கடன், அன்சப்ஸிடைஸ்டு லோன் = மானியமில்லாக் கடன். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய சிக்கல். நம் ஊரில் மானியம் என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எரிவாயு மானியம், உர மானியம் என்னும்போது ஒரு பொருள். பல்கலைக்கழக மானியக் குழு என்னும்போது இன்னொரு பொருள். துண்டறிக்கையின் மேல் பாதியில் ‘பெல் மானியம், திருப்பித் தர வேண்டாம்’ என்று போட்டுவிட்டுக் கீழே ‘மானியக் கடன்’ என்று போட்டால், படிப்பவர் என்ன நினைப்பார்? அதிலும் பாதி திருப்பித் தர வேண்டாம் என்றுதான். நான் இரண்டு பேரிடம் காட்டினேன், இரண்டு பேரும் அப்படியே புரிந்துகொண்டார்கள்.

உண்மையில் அந்தக் கடனில் அசலில் ஒரு காசு குறையாது. பிள்ளை குறைந்தது அரை நேர மாணவராகப் படிக்கும்வரையும், பிறகு தவணை தொடங்கும் முன் தரும் ஆறு மாத அவகாசத்திலும் வட்டியை அரசு கட்டும். மற்றதில் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவர் மொத்தம் 5,500 டாலர்வரை வாங்கலாம், அதில் முதல் வகை 3,500ஐத் தாண்டக் கூடாது. மீதி 2,000 இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025–26க்கான 6.39 சதவீதத்தில் வருஷத்துக்கு 128 டாலர் வட்டி. நாலு வருஷமும் அதற்குப் பிறகான ஆறு மாத அவகாசமும் முடியும்போது அந்த 2,000க்கு மட்டும் 500 டாலருக்கு மேல் சேர்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாத கலைச்சொல் எங்களுக்கு உதவாது.

‘வட்டித்தாங்கல் கடன்’ என்று நான் ஒன்று யோசித்தேன். வீட்டில் சொன்னேன். “வேடந்தாங்கல் மாதிரி இருக்கு, பறவை வருமா?” என்று கேட்டார்கள். உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

> கிராண்ட் என்பதற்கு நல்கை என்ற அருமையான சொல் இருக்கும்போது ஏன் மானியம்?

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, மானியத்தை இங்கிருந்தும் எடுத்துவிடுவோம். ஆனால் நல்கையை எங்கள் பெற்றோர் கேள்விப்பட்டதில்லை. ‘கொடை’ போதும் என்று படுகிறது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குக் கொடை என்றால் அம்மன் கோயிலும் மேளமும் ஞாபகம் வரும், வரட்டும். திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கொடை 2025–26இல் அதிகபட்சம் 7,395 டாலர். திருச்சிக்காரர் ஒருவர் பெல் என்றால் பாய்லர் தொழிற்சாலையா என்று கேட்டிருந்தார். இல்லை. 1972இல் வேறு பெயரில் தொடங்கிய திட்டம் இது. ரோட் ஐலண்டு செனட்டர் கிளேபோர்ன் பெல் முன்னின்று கொண்டுவந்ததால் 1980இல் அவர் பெயரை வைத்தார்கள்.

> ஸ்டூடன்ட் எய்டு இன்டெக்ஸ் = மாணவர் உதவிக் குறியீட்டெண்.

விண்ணப்பத்தில் தரும் குடும்ப விவரத்தை வைத்து அரசு கணக்கிடும் எண் இது. அகராதிப்படி குற்றமே இல்லை. ஆனால் உதவிக் குறியீட்டெண் என்று கேட்டால் எண் கூடினால் உதவி கூடும் என்றுதானே தோன்றும்? இங்கே தலைகீழ். எண் கூடக் கூட உதவி குறையும். மிகவும் நலிந்த குடும்பத்துக்குப் பூஜ்யத்துக்கும் கீழே, −1500 வரை போகும். ஆங்கிலத்திலேயே பெயர் சரியாக அமையவில்லை. இதற்கு முன்னால் இருந்த பெயர் இன்னும் மோசம்: ‘எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு’. அந்தத் தொகையைக் கட்டினால் போதும் என்று நம்பிக் கல்லூரிக்குப் போய் அதிர்ந்தவர்கள் எத்தனையோ பேர். 2024–25 விண்ணப்பத்திலிருந்துதான் அதைத் தூக்கினார்கள்.

நான் முன்வைப்பது: ‘வசதி எண்’. “அவங்க வசதியானவங்க” என்று நாம் சொல்வதில்லையா, அதே வசதி. வசதி எண் கூடினால் உதவி குறையும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பு இல்லை, பெயர் மாற்றம் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள்.

> கான்ட்ரிபியூட்டர் = பங்களிப்பாளர்.

இதைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. புதிய படிவத்தில் இந்தச் சொல் வரும் இடம், தங்கள் வருமான விவரத்தைத் தர வேண்டிய தாய், தகப்பன், கணவன், மனைவி ஆகியோரைக் குறிக்க. அவர்கள் பணம் எதுவும் போட வேண்டாம், கடனுக்குப் பொறுப்பும் இல்லை. ஊரில் வங்கிக் கல்விக் கடன் வாங்கினால் அப்பாவும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவார். அந்த நினைப்பில் வருகிறவரிடம் ‘நீங்கள் பங்களிப்பாளர், சம்மதம் கொடுங்கள்’ என்றால் கையை இழுத்துக்கொள்வார். சம்மதம் தராவிட்டாலோ பிள்ளைக்குக் கூட்டரசுப் (ஃபெடரல்) பணம் எதுவுமே கிடைக்காது, கடன்கூட. அந்தச் சம்மதம், வரித்துறை தன்னிடம் உள்ள கணக்கை நேராகப் படிவத்துக்கு அனுப்பவும், அதை வைத்து உதவியை முடிவுசெய்யவும்தான். ஆகவே ‘விவரம் தருநர்’ என்று வைக்கலாமா? அனுப்புநர், பெறுநர் எல்லாரும் பள்ளியில் எழுதிப் பழகியதுதான்.

பெற்றோர் உண்மையிலேயே கடனாளி ஆவது பெற்றோர் பிளஸ் கடனில். அதை அவர்கள் பெயரிலேயே வாங்குகிறார்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பும் வந்துவிட்டது. அதற்குப் பெயர் மாற்ற வேண்டாம்.

லோன் ஃபர்கிவ்னஸ் என்பதற்குக் கடன் மன்னிப்பு என்று எழுதியவருக்கு: மன்னிக்கவும், தள்ளுபடிதான். பயிர்க்கடன் தள்ளுபடி தெரியாத தமிழர் உண்டா?

என்னென்ன பணம் கிடைக்கும் என்று கல்லூரி அனுப்பும் அவார்டு லெட்டருக்கு விருதுக் கடிதம் என்று எழுதியவருக்குத் தனியாகச் சொல்கிறேன்.

— நியூ ஜெர்சியிலிருந்து

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மதுரைப் பக்கம் கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கடன் பிரிவில் இருந்தவன். அமெரிக்கப் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கடனைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

மானியக் கடன் பற்றி நீங்கள் பயந்தது சரி. கறவை மாட்டுக்கு மானியத்தோடு கடன் கொடுத்த காலத்தில், மானியம் போக மீதியைக் கட்டினால் போதும் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் ஆட்கள் காதில் மானியக் கடன் என்றால் அதுதான் விழும். அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

ஆனால் தாங்கல், ஏற்பு, பொறுப்பு என்று அரசு செய்வதை வைத்துப் பெயர் தேடுகிறீர்களே, அங்கேதான் முட்டிக்கொள்கிறீர்கள். வட்டியை யார் கட்டுகிறார்கள் என்பது அரசின் கணக்கு. வாங்குகிறவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: என் தலையில் எப்போது வட்டி ஏற ஆரம்பிக்கும்? ஒன்றில் பின்னால், மற்றதில் உடனே. ‘பின்வட்டிக் கடன்’, ‘உடன்வட்டிக் கடன்’ என்று வையுங்கள். ஜோடியாக இருக்கும், ஒன்றைச் சொன்னால் மற்றது ஞாபகம் வரும்.

ஒரிஜினேஷன் ஃபீ என்பதற்கு ‘தோற்றக் கட்டணம்’ என்று பட்டியலில் பார்த்தேன். சிரித்துவிட்டேன். கடன் கொடுக்கும்போதே கழித்துக்கொண்டு கொடுப்பதுதானே? அதற்கு எங்கள் ஊரில் ‘பிடித்தம்’. எவ்வளவு பிடிக்கிறார்கள்?

புராமிசரி நோட்டுக்கு யாரோ ‘வாக்குறுதிக் குறிப்பு’ என்றிருக்கிறார். தேர்தலா நடக்கிறது? புரோநோட்டு என்று எழுதுங்கள். வட்டிக்கு வாங்கிய குடும்பம் எதற்கும் அந்தச் சொல் தெரியும்.

— மதுரையிலிருந்து

*

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா.

பின்வட்டி, உடன்வட்டி இரண்டும் வடிவாக இருக்கு. ஆனால் ஒரு சந்தேகம். பின்வட்டி என்றால் படிச்ச காலத்து வட்டியையும் சேர்த்துப் பிறகு கட்டவேணும் என்று விளங்காதோ? பக்கத்திலே ஒரு வரி போடுங்கோ.

நான் கலிபோர்னியாவிலே யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இந்தப் படிவம் நிரப்பிக் குடுக்கிறனான். எங்கட பெற்றோர் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: “இது திருப்பிக் கட்டவேணுமோ, இல்லையோ?” கல்லூரி அனுப்புகிற கடிதத்திலே கொடையும் கடனும் வேலைச் சம்பளமும் ஒரே நிரலிலே ஒண்டுக்குக் கீழே ஒண்டாகக் கிடக்கும், அடியிலே ஒரு கூட்டுத்தொகை. அதிலே கடனும் உதவி. வளாகத்திலே வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய காசும் உதவி. அதாலே பைனான்சியல் எய்டு என்பதற்கு ‘நிதியுதவி’ எண்டு போட்டால் அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவாறம்.

இன்னொண்டு. ஃபெடரலுக்குக் கூட்டரசு, கூட்டாட்சி எண்டு நீங்கள் எழுதுறியள். எங்களுக்குச் சமஷ்டி. சமஷ்டிக் கடன் எண்டால் எங்கட ஆக்கள் அரசியல் கதைக்கத் தொடங்கிவிடுவினம், அதனாலே நான் அதுக்கு அடம்பிடிக்கேல்லை.

— கலிபோர்னியாவிலிருந்து

*

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

ஐயா, பிடித்தம் 1.057 சதவீதம். 5,500 டாலர் கடனில் 58 டாலரைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள், வட்டி மட்டும் முழு 5,500க்கும். பெற்றோர் பிளஸ் கடனில் பிடித்தம் 4.228 சதவீதம். இதைத் தோற்றக் கட்டணம் என்று எழுதியது நானேதான். அகராதியைப் பார்த்து எழுதினால் இப்படித்தான்.

பின்வட்டி, உடன்வட்டி அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தங்கை சொன்ன வரியும் கூடவே போகும்: ‘படிக்கும் காலத்து வட்டி உங்கள் கணக்கில் வராது.’ ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் முதல் முறை மட்டும் பக்கத்தில் போடுகிறோம், திரையில் பார்க்கும்போது அடையாளம் தெரிய வேண்டுமே.

நிதியுதவி விஷயத்தில் நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சிலர் சொல்வார்கள்: மூலத்தில் உள்ள குறையைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் வேலையா என்று. ஆனால் அந்தக் குறை அங்கேயும் சிறியதில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022இல் கல்லூரிகளின் இந்தக் கடிதங்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது கல்லூரிகள் குடும்பம் கட்ட வேண்டிய நிகரச் செலவைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன. ஆங்கிலம் தெரிந்தவர்களே தடுமாறும் சொல்லை நாம் பத்திரமாக மொழிபெயர்த்து வைத்து யாருக்கு என்ன லாபம்? ‘கல்வி நிதி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அதன் கீழ் கொடை, வேலைச் சம்பளம், கடன் என்று மூன்று கட்டமாகப் பிரித்துவிடுகிறேன். விருதுக் கடிதம் இனி ‘கல்வி நிதிக் கடிதம்’. கடன் வாங்கியதற்கு விருது கொடுத்த பெருமை நமக்கு வேண்டாம்.

வசதி எண்ணை யாரும் எதிர்க்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். அமைதியாக இருப்பவர்கள் நாளைக்குள் சொல்லிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது ஒன்று. டிஃபர்மென்ட், ஃபோர்பேரன்ஸ் இரண்டுமே தவணையை நிறுத்திவைப்பதுதான். ஆனால் முதலாவதில் பின்வட்டிக் கடனுக்கு வட்டி ஏறாது, இரண்டாவதில் எல்லாக் கடனுக்கும் ஏறும். முதலாவதுக்கு ‘ஒத்திவைப்பு’ சரி. உடன்வட்டிக் கடனில் ஒத்திவைப்பு முடிந்ததும் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும், ‘வட்டி குட்டி போடும்’ என்றே எழுதிவிட்டேன். இரண்டாவதுக்கு ஒரு நண்பர் ‘பொறுதி’ என்றார். அழகான சொல், அதுதான் பிரச்சினை. யாரோ நமக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பில் இருக்கும்போது மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ‘வட்டியோடு நிறுத்தம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. ஐயா, உங்கள் வங்கியில் தவணையை நிறுத்தி வட்டியை மட்டும் ஓடவிட்டால் அதை என்னவென்று சொல்வீர்கள்? வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம்.

— நியூ ஜெர்சியிலிருந்து