ஏமான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனாரா?

மிக்சர் மேசை:
‘வேன் குடும்பம்’ என்ற பெயரில் எழுதும் பிரதர் நேற்று இங்கே பதிவிட்ட வரிகளை அப்படியே தருகிறேன். “பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் பாடல் ஊழியத்துக்குப் போகிறவர்கள் வேதத்தைச் சரியாக வாசிக்கவில்லை. ஏமான் தன் 14 மகன்களையும் 3 மகள்களையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். குடும்பமாகப் பயணம் போவதுதான் வேத முறை.” கீழே வரிசையாக ஆமென்கள். ஆமென் போட்டவர்களில் ஒருவராவது வேதத்தைத் திறந்து பார்த்தீர்களா? தாவீது ராஜா பாடலுக்கு நியமித்த லேவியர்களில் ஒருவர்தான் இந்த ஏமான், 1 நாளாகமம் 25-ஐ எடுங்கள். 14 மகன்கள், 3 மகள்கள், சரி. தகப்பனின் கீழ் பாடினார்கள், அதுவும் சரி. எங்கே பாடினார்கள்? கர்த்தருடைய ஆலயத்தில். இந்த ‘ஊர் ஊராக’ எங்கிருந்து வந்தது?

நான் சவுண்ட் பார்க்கிறவன். எத்தனையோ குழுக்களோடு போயிருக்கிறேன். மேடைக்குப் பின்னால் கேபிள் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கும் பிள்ளைகளை நிறையவே பார்த்தாகிவிட்டது. கூட்டிப்போக வேண்டிய நிலைமை என்றால் கூட்டிப்போங்கள், நான் யார் தடுக்க? ஆனால் அதற்கு ஏமானைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

வேன் குடும்பம்:
எனக்கென்றே தனி இழை திறந்ததற்கு நன்றி பிரதர். 25-ல் நின்றுவிட்டீர்களே, கொஞ்சம் பின்னால் போய் 15-ஐயும் படித்திருக்கலாம். உடன்படிக்கைப் பெட்டியை ஓபேத்ஏதோமின் வீட்டிலிருந்து எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது ஏமான், ஆசாப், ஏத்தான் மூன்று பேரும் வெண்கலக் கைத்தாளம் முழக்கிக்கொண்டு வந்தார்கள். அது பயணம் இல்லையா?

எங்கள் பிள்ளைகள் வேனில்தான் வளர்ந்தார்கள். பெரியவன் கீபோர்டு வாசிக்கிறான், சின்னவள் பாடுகிறாள். பாடம் வேனில், ஜெபம் வேனில், சண்டையும் வேனில்தான். வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளுக்கு வசனத்தைச் சொல்லிக்கொடு என்கிறது உபாகமம் 6. வழியில் நடக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், இல்லையா?

மிக்சர் மேசை:
அது ஊர்வலம். பெட்டி வந்து சேர்ந்தது, ஊர்வலம் முடிந்தது. 15-ம் அதிகாரம் முழுக்கத் தேடிப் பாருங்கள், ஏமானின் ஒரு பிள்ளையின் பெயராவது வருகிறதா? உங்கள் வாதத்துக்குத் தேவை பிள்ளைகள். அங்கே இருப்பது கைத்தாளம்.

தாளக்காரன்:
கிபியோனை வசதியாக மறந்துவிட்டீர்களே அண்ணா. 16-ல் ஆசாப்பை எருசலேமில் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு, ஏமானையும் எதுத்தூனையும் ஆசாரியன் சாதோக்கோடு கிபியோனுக்கு அனுப்பினார் தாவீது. ஏமானுக்கு வெளியூர் வேலைதான்.

மிக்சர் மேசை:
வந்துவிட்டார். டிரம்ஸுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு வைக்கச் சொன்ன நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் எதிர்த்து அடிப்பது என்று முடிவோடு இருக்கிறார். தம்பி, கிபியோனில் வேலைக்கு அமர்த்தினால் அது ஒரு ஊர். ‘ஊர் ஊராக’ என்பதற்கு எத்தனை ஊர் வேண்டும்?

இன்னொன்று. 25-ம் அதிகாரத்தை முழுதாகப் படித்தால் இந்தப் ‘பிள்ளைகள்’ யார் என்று தெரியும். பாடகர்கள் 24 பிரிவு, பிரிவுக்கு 12 பேர், மொத்தம் 288 பேர், எல்லாரும் பாட்டில் தேறியவர்கள். 24 பிரிவுகளில் 14-க்குத் தலைவர்கள் ஏமானின் மகன்கள். ஒவ்வொருவன் பெயரோடும் ‘அவன் குமாரரும் சகோதரரும்’ என்று வருகிறது. அதாவது அவர்களுக்கே பிள்ளைகள் இருந்தார்கள்! அப்பாவோடு வேனில் போன சின்னப் பையன்கள் இல்லை ஐயா, குடும்பஸ்தர்கள். மடியில் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டியதுபோல் எழுதிவிட்டீர்கள்.

வேன் குடும்பம்:
குடும்பஸ்தர்கள் ஆவதற்கு முன்னால் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் அல்லவா? அந்த வயதில் அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது யார்? அப்பா. எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? கூட வைத்துக்கொண்டு. அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

மிக்சர் மேசை:
அவ்வளவுதான் என்றால் அவ்வளவை மட்டும் எழுதியிருக்கலாமே. நீங்கள் எழுதியது ‘ஊர் ஊராகப் போய்ப் பாடினார்’. வசனம் எங்கே?

வீட்டுக்காவல்:
நான் குறுக்கே பேசலாமா? என் வீட்டுக்காரர் பாடல் ஊழியத்துக்குப் போகிறவர், நான் வீட்டில் இருக்கிறவள். ஏமான் போனாரா போகவில்லையா என்று இத்தனை பதிவுகள் ஓடிவிட்டன, ஏமானின் மனைவி என்ன செய்தாள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. வேதத்திலும் அவள் பெயர் இல்லை, அது வேறு விஷயம். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது இவர் மேடையில் ‘கர்த்தர் சுகம் தருகிறார்’ என்று பாடிக்கொண்டிருப்பார். சவுண்ட் செக்குக்கும் கூட்டத்துக்கும் இடையில் வீடியோ கால், அதிலும் பாதி நேரம் பின்னால் யாராவது கிட்டார் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வந்த அன்றைக்கு ‘ஏன் இன்னும் போனைப் பார்க்கிறாய்’ என்று பிள்ளையை அதட்டுவார். அந்தப் போன் நேரத்தை முடிவு செய்தது நான். அவர் இல்லாதபோது நான் போட்ட ஒழுங்கு அத்தனையும் ஒரு சாயங்காலத்தில் கலைந்துபோகும். கிளம்பும்போது சின்னவன் அழுவான். அதைவிடக் கஷ்டம், கொஞ்ச நாளில் அழாமல் இருக்கப் பழகிக்கொள்வான்.

கூட்டிப்போகிறவர்களுக்கும் ஒரு கேள்வி. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ராத்திரி 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள், 12 வரைக்கும் கூடச் சொல்கிறார்கள். கூட்டம் முடிந்து, சாமான் ஏற்றி, அடுத்த ஊருக்கு ராத்திரியே வண்டியை விட்டால் அந்தத் தூக்கம் எங்கே?

மிக்சர் மேசை:
சிஸ்டர், நீங்கள் சொல்வது முக்கியமான விஷயம், தனி இழையாகப் போடுங்கள், எல்லாரும் படிக்கட்டும். இங்கே பேச்சு ஏமானைப் பற்றி.

வீட்டுக்காவல்:
தனியாகப் போடுவதா? தனியாகத்தானே ஐயா எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன்.

தாளக்காரன்:
அக்கா 👏

மிக்சர் அண்ணா கேபிள் பெட்டிமேல் தூங்கும் பிள்ளைகளுக்காக உருகுகிறாரே, அந்தப் பிள்ளைகளின் காதை யார் பார்ப்பது? நிகழ்ச்சி அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வரம்பு சொன்னது: 15 நிமிட சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது. அது பெரியவர்கள் வரும் அரங்குக்கே. சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் யார் கையில் இருக்கிறது அண்ணா?

மிக்சர் மேசை:
என் கையில்தான். நான் இறக்குகிறேன், நீ அடித்து ஏற்றுகிறாய். தடுப்பு வைக்கச் சொன்னது எதற்கு, அழகுக்கா? மேடை ஸ்பீக்கரில் (மானிட்டர்) சத்தம் போதவில்லை போதவில்லை என்று மேடையிலிருந்து கை காட்டுவது யார்? கூட்டிவந்த பிள்ளைக்குக் காதை மூடும் ஹெட்போன் மாட்டிவிட வேண்டும் என்று நான் ஒவ்வொரு குழுவிடமும் சொல்கிறேன். வேன் குடும்பமே சொல்லட்டும், மாட்டுகிறீர்களா?

வேன் குடும்பம்:
எங்கள் பிள்ளைகளின் காதுக்குக் கர்த்தர் இருக்கிறார். ஹெட்போனும் இருக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள்.

சரி, ஏமானைப் பிடிக்கவில்லையா, வேறு ஆளைப் பார்ப்போம். 1873-ல் அமெரிக்க சுவிசேஷகர் டி. எல். மூடி பிரிட்டனுக்குப் போனபோது மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். கூடப் போன பாடகர் சாங்கி. பில்லி கிரஹாம் அப்படிச் செய்யவில்லை. ஐந்து பிள்ளைகளையும் அவர் மனைவி ரூத் அம்மா வீட்டில் வைத்து வளர்த்தார். 1997-ல் வெளிவந்த தன் வரலாற்றில், குடும்பத்தை விட்டு அவ்வளவு காலம் விலகி இருந்ததை அவரே வருத்தத்தோடு எழுதினார். உலகத்துக்கே பிரசங்கம் செய்தவர் அப்படி எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் விட்டுவிட்டுப் போவது சரி என்பீர்களா?

மிக்சர் மேசை:
விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? குறைவாகப் போங்கள் என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். அந்தப் பயணங்களில் சில தேவையில்லாதவை என்றும் பில்லி கிரஹாம் எழுதினார். மூடியும் பில்லியும் ஏமான் இல்லை. ஏமானைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கைவிடவில்லை என்றால் ஏமானின் குடும்பக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1 நாளாகமம் 6:33. ஏமான் யோவேலின் மகன், யோவேல் சாமுவேல் தீர்க்கதரிசியின் மகன். ஊர் ஊராகப் போனது இந்தத் தாத்தாதான்! பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று வருஷா வருஷம் சுற்றி வந்தார், 1 சாமுவேல் 7-ல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். பேரன் ஏமான் ஆலயத்தில் நிலையாக நின்று பாடினார், அவருடைய பிள்ளைகள் 14 பேரும் உருப்பட்டார்கள். உங்கள் சாட்சியே உங்களுக்கு எதிராக நிற்கிறார் பிரதர்.

தாளக்காரன்:
அப்படியா? சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலி எந்த ஊருக்குப் போனார்? சீலோவை விட்டு நகர்ந்ததாக எங்கேயும் இல்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்தார். அவர் மகன்கள் ஓப்னியும் பினெகாஸும் கண் முன்னாலேயே கெட்டுப்போனார்கள். யோவேல் அபியாவைவிட மோசம்.

வேன் குடும்பம்:
🔥🔥 இதற்குப் பதில் சொல்லுங்கள் மிக்சர் பிரதர்.

மிக்சர் மேசை:
ஏலி பாடகர் இல்லை.

தாளக்காரன்:
சாமுவேல் மட்டும் கீபோர்டு வாசித்தாரா?

மிக்சர் மேசை:
சாமுவேலை நான் கொண்டுவந்தது ஏமானின் தாத்தா என்பதால். ஏலி ஏமானுக்கு யார்? சித்தப்பாவா? கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோதெல்லாம் புதிதாக ஒரு ஆளைக் கூப்பிட்டு வருவீர்கள், நான் ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். வசனம் எங்கே?

மூத்த மகள்:
நான் அப்படி வேனில் வளர்ந்த பிள்ளை, இப்போது கல்யாணமாகிவிட்டது. சந்தோஷமாக இருந்ததா என்றால் இருந்தது. அப்பாவோடு நான் இருந்த அளவுக்கு என் வயதுப் பிள்ளைகள் யாரும் அவர்கள் அப்பாவோடு இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு சிநேகிதியும் நிலைக்கவில்லை. பழகி முடிப்பதற்குள் சாமான் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு மேடையிலும் என்னை முன்னால் நிறுத்தி ‘பாப்பா ஒரு பாட்டுப் பாடுவாள்’ என்பார் அப்பா. பாடமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்தபோது போஸ்டரில் என் படம் ஏற்கெனவே வந்துவிட்டது. என் தம்பியை அதற்குப் பிறகு பாட்டி வீட்டில் விட்டார்கள். ‘உன்னை மட்டும் கூட்டிப்போனார்கள்’ என்று அவன் இன்றைக்கும் என்னிடம் கோபப்படுகிறான்.

வேன் குடும்பம்:
பாருங்கள், ‘சந்தோஷமாக இருந்தது’ என்கிறார். தம்பிக்கும் தன்னைக் கூட்டிப்போகவில்லையே என்றுதான் வருத்தம்.

மிக்சர் மேசை:
போஸ்டர் படத்தை விட்டுவிட்டீர்களே! முழுதாகப் படிக்கிற பழக்கமே இல்லையா? ஏமானுக்குச் செய்ததையே இந்த சிஸ்டருக்கும் செய்கிறீர்கள்.

மூத்த மகள்:
நான் உங்கள் இரண்டு பேருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை.

வீட்டுக்காவல்:
தங்கை, தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டபோது அவனுக்கு என்ன வயது? பெரியவனை மட்டும் கூட்டிப்போகலாம் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு ஓடுகிறது, அதனால் கேட்கிறேன்.

மூத்த மகள்:
ஏழு அக்கா. பாட்டி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் எதற்காக விட்டுப்போகிறோம் என்று அவனிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. திரும்பி வருகிற தேதியைக்கூடச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் கூட்டம் நீண்டால் தேதி மாறும். அவன் வாசலைப் பார்த்தபடியே இருப்பானாம். முடிந்தால் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன தேதியில் வாருங்கள்

மிக்சர் மேசை:
உருக்கமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இழையின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. வேன் குடும்பம் அந்த வரியைத் திருத்துகிறாரா இல்லையா?

வேன் குடும்பம்:
திருத்தமாட்டேன். கிபியோன் போதும். சாயங்காலம் நிகழ்ச்சி இருக்கிறது, குடும்பமாகக் கிளம்புகிறோம். பிள்ளைகளோடு.

தாளக்காரன்:
88-ம் சங்கீதத்தை யாரும் தொடவில்லையே. தலைப்பில் ஏமான் பெயர்தான் இருக்கிறது. சிநேகிதர்களைத் தூரமாக்கிவிட்டீர் என்று புலம்புகிறார். வீட்டில் இருந்தவர் எதற்கு அப்படி எழுதுவார்? பயணத்தில் எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது.

மிக்சர் மேசை:
தலைப்பில் எஸ்ராகியனாகிய ஏமான் என்று இருக்கிறது. 1 இராஜாக்கள் 4-ல் சாலொமோனோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஞானிகளில் ஒரு ஏமான் வருகிறானே, அவனாக இருக்கலாம். நம் ஏமான் லேவி கோத்திரத்தில் கோகாத்தின் வம்சம், சாமுவேலின் பேரன்.

தாளக்காரன்:
அதே தலைப்பில் கோராகின் புத்திரர் என்றும் இருக்கிறது. சாமுவேலின் வம்சமே கோராகிலிருந்து வருவதுதான், அதே 6-ம் அதிகாரத்தில் இன்னும் நாலைந்து வசனம் தள்ளிப் பாருங்கள். முழுதாகப் படிக்கிற பழக்கம் இல்லையா அண்ணா?

மிக்சர் மேசை:
அப்படியே வைத்துக்கொண்டாலும் பயணத்தில் எழுதினார் என்று எந்த வசனத்தில் இருக்கிறது? இதற்கும் ஒரு தனி இழை திறக்க வேண்டும் போலிருக்கிறது. ராத்திரி சவுண்ட் வேலை முடிந்ததும் திறக்கிறேன், ஓடிவிடாதே.