டூட்டியில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பழக்கமா, நம்மேல் திணிக்கப்பட்டதா?

பூங்கோதை_செங்கல்பட்டு

போன மாதம் எனக்குச் சிறுநீர்த் தொற்று. ஒரு வருடத்தில் இது மூன்றாவது தடவை. பார்த்த டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டூட்டியில எத்தனை தடவை பாத்ரூம் போவீங்க?" யோசித்துப் பார்த்தேன். காலை 7 மணிக்கு வீட்டில் போனால், மறுபடி மதியம் 3 மணிக்கு வீட்டுக்கு வந்துதான். எட்டு மணி நேரம். செவிலியர் வேலையில் பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

மறுநாள் வார்டில் இன்டேக் அவுட்புட் சார்ட் (நோயாளி குடித்த அளவும் வெளியேறிய சிறுநீர் அளவும் குறிக்கும் தாள்) எழுதும்போதுதான் உறைத்தது. 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே யூரின் குறைந்தால் உடனே டாக்டருக்கு போன் போடுகிறோம். குனிந்து யூரோ பேக்கில், அதாவது சிறுநீர் சேரும் பையில், கோடு பார்த்து அளக்கிறோம். என் பெயரில் ஒரு சார்ட் இருந்திருந்தால் இன்டேக்கில் ஒரு டீ, அவுட்புட்டில் ஒன்றுமில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிப்பது நம் வேலையில் நடக்காது. அதனால் வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். முந்தைய ஷிஃப்ட்டிடம் பொறுப்பு வாங்கும் ஹேண்டிங் ஓவர் முடிந்ததும் ஒரு டம்ளர், 10 மணி மருந்து கொடுத்துக் கை கழுவியதும் ஒரு டம்ளர், 12 மணிக்கு பிபி, டெம்பரேச்சர் எல்லாம் பார்த்து எழுதியதும் ஒரு டம்ளர். பாட்டில் டூட்டி ரூம் அலமாரியில்தான் இருக்கும். மருந்து ட்ராலியில் வைப்பதில்லை, அது தொற்றுக்கு வழி. ஆறு வாரம் ஆகிறது. யூரின் நிறம் நன்றாக வெளுத்திருக்கிறது, மதியம் வரும் தலைவலியும் இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நேரமில்லை என்று நாம் சொல்வதில் பாதி பழக்கதோஷம். மாற்றிக்கொள்ள முடியும்.

மல்லிகா_லேபர்வார்டு

சிஸ்டர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் தண்ணீர் குடிக்க மறக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் குடிக்காமல் இருக்கிறோம். எங்கள் மாடியில் ஸ்டாஃப் கழிப்பறை இல்லை. கீழ்த்தளத்தில் ஒன்று உண்டு, அதன் சாவி சூப்பர்வைசர் அறையில் இருக்கும். இரவில் அந்த அறையே பூட்டிக் கிடக்கும். மிச்சம் நோயாளிகளின் கழிப்பறைதான். பிரசவமானவர்கள், அவர்கள் கூட வந்தவர்கள் எல்லோருக்கும் மூன்று. அதில் ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது. மாதவிலக்கு நாளில் 12 மணி நேர நைட் பார்ப்பவளிடம் போய் "மூன்று டம்ளர் குடி" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்?

இன்னொன்றும் இருக்கிறது. நைட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒருத்தி பிரசவ மேஜைப் பக்கம் நின்றுவிட்டால் மற்றவள்தான் வார்டு முழுக்க. குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில் பாத்ரூம் என்று சொல்லிக்கொண்டு யார் நகர முடியும்? இதைப் பழக்கதோஷம் என்று சொன்னால் பழி எங்கள் தலையில் விழுகிறது. நிர்வாகத்துக்கு அதுதான் வசதி. போன வருடம் எங்கள் டூட்டி ரூம் சுவரில் "தினமும் 3 லிட்டர் தண்ணீர் அருந்துங்கள்" என்று போஸ்டர் ஒட்டினார்கள். தண்ணீர் கேன் வைக்கவில்லை.

ஓய்வு_இன்சார்ஜ்_தஞ்சை

இரண்டு பேரும் என் பிள்ளைகள் மாதிரி, அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

நான் 34 வருடம் வேலை பார்த்தேன், அதில் 12 வருடம் இன்சார்ஜ், அதாவது வார்டுப் பொறுப்புச் செவிலியர். நான் சேர்ந்த காலத்தில் பசியைச் சொல்வதே கேவலம் என்று நினைப்போம். சாப்பிடாமல் டூட்டி பார்த்தவளைத்தான் நல்ல நர்ஸ் என்பார்கள். அந்த எண்ணத்தை நாங்கள்தான் உங்கள் தலையில் ஏற்றிவிட்டோமோ என்று இப்போது வருத்தப்படுகிறேன்.

இன்சார்ஜ் ஆனதும் நான் செய்தது ஒன்றுதான். யாருக்கு எந்தப் படுக்கைகள் என்று எழுதுகிற கரும்பலகையில் இன்னொரு பத்தி போட்டேன். "டிபன்" என்று தலைப்பு. ஒவ்வொருத்தி பெயருக்கும் நேராக மணி, பக்கத்தில் அவள் போகும்போது படுக்கைகளைப் பார்ப்பவளின் பெயர். 15 நிமிடம். "சிஸ்டர் எங்கே?" என்று டாக்டர் கேட்டால், பலகையைக் காட்டு என்று சொல்லிவைத்திருந்தேன். எழுத்தில் இருந்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. மனசு வைத்தால் வழி இருக்கிறது.

மல்லிகா_லேபர்வார்டு

அம்மா, அந்தப் பலகையில் எத்தனை பெயர் இருந்தது?

ஓய்வு_இன்சார்ஜ்_தஞ்சை

காலையில் 30 நோயாளிக்கு ஆறு பேர். மதியம் நான்கு, இரவு மூன்று.

மல்லிகா_லேபர்வார்டு

இதைத்தான் சொல்கிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஐசியூ என்றால் ஒருவருக்கு ஒருவர். எங்கள் வார்டில் நைட்டில் ஒருத்திக்கு 18 தாய்மார்கள், கூடவே குழந்தைகள். உங்கள் பலகையில் "பார்ப்பவள் பெயர்" என்ற இடத்தில் நான் யார் பெயரை எழுதுவது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மெஷின் ஓட்டுகிறவருக்குக் கொடுத்ததைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

நெல்லை_ஐசியூ_பிரதர்

மல்லிகா அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் பூங்கோதை அக்கா பக்கம்தான். காரணம் சொல்கிறேன்.

கொரோனா நேரத்தில் பிபிஇ என்கிற முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லை, பாத்ரூம் இல்லை. டயப்பர் கட்டிக்கொண்டு டூட்டி பார்த்தவர்கள் எங்கள் யூனிட்டிலேயே இருந்தார்கள். அப்போது வேறு வழியில்லை. ஆனால் உடை போன பிறகும் எங்கள் பழக்கம் போகவில்லை. இடைவேளை கிடைத்த நாளிலும் நான் டீயும் பன்னும்தான் எடுத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நைட். அதிகாலை 4 மணி. இன்சுலின் ஏற்ற வேண்டும். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சுக்குப் பதிலாக, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்துவிட்டேன். அதில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கூட இருந்த சிஸ்டர் "தம்பி, மூடியைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான், நெஞ்சு பதறிவிட்டது. அன்று நான் கடைசியாகச் சாப்பிட்டது மாலை 6 மணிக்கு. பையில் வாழைப்பழம் இருந்தது, சாப்பிடத்தான் தோன்றவில்லை.

அந்த வாழைப்பழத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லை அக்கா.

மல்லிகா_லேபர்வார்டு

தம்பி, நல்லவேளை அந்த சிஸ்டர் பக்கத்தில் இருந்தார். அதையும் கவனியுங்கள். அன்று நோயாளியைக் காப்பாற்றியது இரண்டாவது ஆள். எங்கள் சண்டையே அந்த இரண்டாவது ஆளுக்குத்தான்.

உணவியல்_ரேவதி

நான் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். செவிலியர்கள் என்னிடம் நோயாளிகளுக்குத்தான் டயட் கேட்பார்கள், தங்களுக்குக் கேட்டதில்லை. அதனால் ஆசையோடு எழுதுகிறேன்.

முதலில் 3 லிட்டர் போஸ்டர். எல்லோருக்கும் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 2 லிட்டர் சுமாராகப் போதும், வெயிலிலும் ஏசி இல்லாத வார்டிலும் கூடுதலாக வேண்டும். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான். பூங்கோதை சிஸ்டர் மாதிரி திரும்பத் திரும்பத் தொற்று வருகிறவர்களுக்குத் தண்ணீர் உண்மையிலேயே மருந்து. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படித் தொற்று வந்துகொண்டிருந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப்பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

டீ குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும் என்பது சரியல்ல. டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும். பிரச்சினை சர்க்கரையில். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஆறு டீக்கு 60 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 50 கிராம். அதோடு, சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கிற டீ இரும்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

நைட் பார்ப்பவர்களுக்கு: முழுச் சாப்பாட்டை டூட்டிக்கு வருமுன் முடித்துவிடுங்கள். நள்ளிரவில் சின்னதாக ஏதாவது, அவ்வளவே. இரவில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. 2 மணிக்குப் புளிசாதம் சாப்பிட்டால் 4 மணிக்குக் கண் சொக்குவது அதனாலும்தான். காபி பாதிக்குப் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குத் தூங்க வேண்டியவர் 3 மணிக்குப் பிறகு காபியைத் தொடாமல் இருப்பது நல்லது. காலையில் வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும், இல்லையென்றால் 11 மணிக்குப் பசி எழுப்பிவிடும்.

மல்லிகா_லேபர்வார்டு

மேடம், தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் "சின்னதாக ஏதாவது" என்றால் என்ன? எங்கள் கேன்டீன் இரவு 9 மணிக்கு மூடிவிடும். எதிரே டீக்கடை, அங்கே வடையும் சமோசாவும்தான். ஓட்ஸ், சாலட் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிட்டு வருகிறவள் நான்.

உணவியல்_ரேவதி

ஓட்ஸ் வேண்டாம். பிள்ளைகளுக்குச் செய்வதிலேயே ஒரு பிடி எடுத்துவைக்கலாம். ஞாயிறு இரவு கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவையுங்கள். திங்கள் அவித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் சுண்டல். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், ஒரு கையால் தின்றுவிடலாம். பையில் எப்போதும் பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, ஒரு கொய்யா. இவை சட்டென்று கெட்டுப்போகாது, கையில் எண்ணெய் ஒட்டாது, பாதியில் கூப்பிட்டால் மூடிவைத்துவிட்டுப் போகலாம். நமக்குச் சாப்பாட்டின் ருசியைவிட முக்கியம், பாதியில் விட்டுவிட்டுப் போக முடிகிறதா என்பதுதான்.

இன்னொன்று, கேழ்வரகுக் கூழ். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு, வாய் அகன்ற பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் சாப்பாடும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று.

நெல்லை_ஐசியூ_பிரதர்

எங்கள் யூனிட்டில் சிலர் களைப்புக்கு தினமும் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கரைத்துக் குடிக்கிறார்கள். சரியா மேடம்?

உணவியல்_ரேவதி

வேண்டாம் தம்பி. ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் 2.6 கிராம் உப்பு. நாள் முழுக்க நமக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், சாம்பாரிலும் ஊறுகாயிலும் ஏற்கெனவே போய்விடுகிறது. அது வயிற்றுப்போக்குக்கான மருந்து. பெட்டியில் ஓஆர்எஸ் என்று அச்சடித்து விற்ற இனிப்புப் பானங்களையும் நம்பாதீர்கள். அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. வார்டில் வியர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர் போதும்.

பூங்கோதை_செங்கல்பட்டு

மல்லிகா சிஸ்டர், உங்கள் பதிவை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் டூட்டி ரூமை ஒட்டியே கழிப்பறை இருக்கிறது. அதை நான் ஒரு வசதியாகவே நினைத்ததில்லை, அதனால்தான் "பாதி பழக்கதோஷம்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். உங்கள் வார்டுக்கு அது பொருந்தாது. என் வார்டுக்கு இன்னும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். பதினோரு வருடம் பத்தடி தூரத்தில் இருந்தும் நான் போகவில்லையே!

ஒன்று கேட்கட்டுமா? முழு ஆள்பலம் வரும்வரை காத்திருப்பதற்குள், அந்தச் சாவியை மட்டும் கேட்டுப் பார்த்தீர்களா?

மல்லிகா_லேபர்வார்டு

கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், சாவி என்பது கேட்டு வாங்கக்கூடிய ஒன்று என்றே தோன்றவில்லை. அது அங்கேதான் இருக்கும் என்று பழகிப்போனது. சரி, அதுவும் ஒரு பழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவி கிடைத்துவிட்டால் இன்னொரு செவிலியரைக் கேட்பதை விட்டுவிடுவோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஓய்வு_இன்சார்ஜ்_தஞ்சை

தனியாகப் போகாதே அம்மா. எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடு. வாய் வார்த்தைக்குத் தேதி கிடையாது.

மல்லிகா_லேபர்வார்டு

ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

14 பேர் கையெழுத்துப் போட்டோம். மூன்று கோரிக்கை: சாவி, தாழ்ப்பாள், நைட்டுக்கு மூன்றாவது ஆள். சாவி அன்றைக்கே வந்துவிட்டது, இப்போது எங்கள் டூட்டி ரூமில் ஆணியில் தொங்குகிறது. தாழ்ப்பாளுக்குத் தச்சர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். மூன்றாவது ஆளைப் பற்றிப் பதில் இல்லை. அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று நைட்டில் 1 மணிக்குக் கீழே போய் வந்தேன். ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் ஜூனியர் பிள்ளை தனியாக நின்றாள். திரும்பிவந்து ஒரு டம்ளர் நீர்மோர் குடித்தேன், அவளுக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தேன்.

இன்சார்ஜ் அம்மா, உங்கள் பலகையில் பத்திகளை எந்த வரிசையில் போட்டீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள். இரண்டாவது பெயருக்கான இடத்தைக் காலியாகவே விட்டு, அப்படியே கடிதத்தோடு இணைக்கப் போகிறோம்.