சுவரில் உப்புப் பூக்கிறது: சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டை எங்கள் மகளிர் மரபுக் குழு பராமரித்து வருகிறது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வட்டாரம். நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. அந்த எண்ணமும் எங்களுக்கு இல்லை.

பிரச்சினை கீழ்த்தளச் சுவர். செங்கல், சுண்ணாம்புச் சாந்து. தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்கிறது. அடியில் வெள்ளைப் பொடி. குழுவில் ஓர் அக்கா நாக்கில் வைத்தே பார்த்துவிட்டார், உப்புக் கரிக்கிறதாம்! போன அக்டோபர் மழைக்குப் பிறகு வேகம் கூடிவிட்டது.

முன்பு குடியிருந்தவர் சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் சாயமும் அடித்திருந்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு மேலே ஏறியிருக்கிறது. அந்தச் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்துக் காயவிட்டோம். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் நனைத்த காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்சவிட்டோம். கூழில் உப்பு இறங்கியது, ஆனாலும் சுவர் திரும்பப் பூக்கிறது. மழைநீர்க் குழாயில் கசிவு இல்லை. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் நீர்புகாப் பூச்சு அடிக்கலாம் என்கிறார். பழைய கதைதான் திரும்பும்.

பழைய கட்டடங்களில் வேலை செய்தவர்களைக் கேட்கிறேன்: காகிதக்கூழையே தொடர்வதா, இல்லை உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதற்கென்றே ஒரு தற்காலிகச் சுண்ணாம்புப் பூச்சு பூசுவதா?