கடிவாளம் பட்டாலே தலையை உதறுது, இழுத்தா நகர மாட்டேங்குது: பெட்டைக் குதிரைக்குட்டி, பூம்பாறை

பூம்பாறை மேடு:
அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில வாங்கின பெட்டைக் குட்டி. கத்தியவார் இனக் குதிரைக் கலப்பு, காது நுனி ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு கிட்டத்தட்ட ஒட்டும். மூணு வயசு முடிஞ்சதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. வந்த புதுசுல கடிவாளத்தை அமைதியா வாங்கிக்கிச்சு. இப்ப கொஞ்ச நாளா இரும்பு வாயில பட்டதும் தலையைத் தூக்கி உதறுது, நாக்கை வெளிய தள்ளுது.

கயித்துல கூட்டிட்டுப் போனா, பூண்டு வயலைத் தாண்டி ரோடு ஏறுற இடத்துல நாலு காலையும் ஊன்றி நின்னுடுது. இழுத்தா பின்னால சாயுது, இன்னும் இழுத்தா முன்னங்காலைத் தூக்குது. பின்னங்காலைத் தொடவே விடல. லாடக்காரர் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டார்.

கொடைக்கானல் ஏரியில சவாரி விடுற சொந்தக்காரங்க, முதுகுல மண் மூட்டையைக் கட்டி நாலு சுத்து ஓட்டு, திமிர் அடங்கிரும்கிறாங்க. சித்திரை சீசனுக்கு ஆள் ஏத்தலாமான்னு வீட்ல கேக்குறாங்க. அடிச்சுப் பழக்க எனக்கு மனசு வரல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

செண்பகனூர்க்காரர்:
தம்பி, மூட்டையை விடுங்க. முதல்ல வாயைப் பாருங்க. உதட்டை விலக்கி முன்பல் வரிசை தெரிஞ்சா போதும். நடுவுல இருக்கிற பல் ரெண்டும் பெருசா, லேசா மஞ்சளா இருக்கா? பக்கத்துப் பல்லெல்லாம் சின்னதா, வெள்ளையா, ஈறுகிட்ட குறுகி இருக்கா? நடுப்பல் ரெண்டரை வயசு வாக்குல விழுந்து முளைக்கும். அதுக்கு அடுத்தது மூணரையில, ஓரப்பல் நாலரையில. மேல் வரிசை, கீழ் வரிசை ரெண்டையும் பாத்துச் சொல்லுங்க.

பூம்பாறை மேடு:
பாத்தேன் அண்ணே. மேல நடுப்பல் ரெண்டும் பெருசு, ஆனா இன்னும் முழுசா இறங்கல. கீழ ஒண்ணு முளைச்சிருக்கு, அதுக்குப் பக்கத்துப் பால்பல் ஆடுது. ஈறு சிவந்திருக்கு.

செண்பகனூர்க்காரர்:
அப்ப மூணு முடியல, ரெண்டரைதான். இதே வயசுல கடைவாயிலயும் முதல் பால்பல் விழுந்து புதுசு வரும். போதாததுக்கு, சில குதிரைக்கு முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால ஓநாய்ப்பல்னு ஒரு சின்னப் பல் இருக்கும். கடிவாள இரும்பு அதை ஒட்டித்தான் உக்காரும். விரலை விட்டுத் தேடாதீங்க, கடைவாயில மாட்டினா விரல் போயிரும். கால்நடை டாக்டர் தேவைப்பட்டா மயக்க ஊசி போட்டுப் பாப்பார்.

அதுவரைக்கும் இரும்பைக் கழட்டி ஆணியில மாட்டிருங்க. தரையில நின்னு பழக்குற எல்லாத்தையும் வாயில இரும்பு இல்லாத முகக்கயித்துலயே பழக்கலாம். வலியைத் திமிர்னு நினைச்சு அடிச்சா, நாளைக்குப் பல் சரியான பிறகும் கடிவாளத்தைக் கண்டாலே ஓடும். அதை மாத்தத்தான் ரொம்பக் காலம் பிடிக்கும்.

லவ்டேல் அக்கா:
நின்னுடுறதைப் பத்தி நான் சொல்றேன். ஊட்டிப் பக்கம் இளங்குதிரைகளைப் பழக்குறதுதான் என் வேலை.

நீங்க முன்னால போய் அது மூஞ்சியைப் பாத்து இழுக்குறீங்க, சரியா? நெத்திக்கு நேர் முன்னாலயும் வாலுக்கு நேர் பின்னாலயும் குதிரைக்குக் கண்ணு தெரியாது. தலையில இழுவை விழுந்தா எதிர்த்து இழுக்கிறது அதோட இயல்பு. இணங்கினா இழுவை நிக்கும்கிறதை நாமதான் கத்துக்குடுக்கணும்.

கொஞ்ச நாளைக்கு ரோட்டுப் பக்கம் போக வேண்டாம். லாயத்து வாசல்ல, அதோட இடது தோளுக்குப் பக்கத்துல, அது பாக்குற திசையையே பாத்து நில்லுங்க. கயித்தைக் கையில சுத்திக்காதீங்க, மடிச்சுப் பிடிங்க. லேசா எடை குடுத்துப் பிடிச்சிட்டே இருங்க. அது உடம்பை முன்பக்கம் சாய்ச்சாலே போதும், காலை எடுக்கணும்னு இல்ல, அந்த நொடியே கயித்தைத் தளர்த்திருங்க. தாமதிச்சா எதுக்கு விட்டீங்கன்னு அதுக்குப் புரியாது. பின்னால சாயும்போது விட்டா, பின்னால சாயத்தான் கத்துக்கும். அது பின்வாங்கினா நீங்களும் கூடவே போங்க, அதே லேசான எடையோட. அப்பவும் அசையலைன்னா கயித்தால தலையைப் பக்கவாட்டுல திருப்பக் கேளுங்க. கழுத்து திரும்பும்போது ஒரு முன்னங்கால் தானா விலகும். அதுக்கும் உடனே தளர்வு. பிடரி முடியுற இடத்துல சொறிஞ்சு குடுங்க. குதிரைங்க ஒண்ணையொண்ணு அங்கதான் பல்லால சொறிஞ்சுக்கும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும், நல்லாப் பண்ணினதுமே நிறுத்திடணும்.

ரோடு ஏறுற இடத்துல காதையும் கவனிங்க. ரெண்டு காதும் முன்னால விறைச்சு, தலை உயந்து இருந்தா அது எதையோ பாக்குது. உங்க பக்கம் காட்டெருமை நடமாட்டம் இருக்கே, மூடுபனியில நமக்குத் தெரியாதது அதோட மூக்குக்குத் தெரியும். அப்ப இழுக்காம நல்லாப் பாக்க விடுங்க. தலை இறங்கி வாயை அசைச்சதும் நடக்கக் கேளுங்க. வயசான, பதறாத குதிரை ஒண்ணு முன்னால நடந்தா இன்னும் நல்லது.

ஏரிக்கரை சவாரி:
எல்லாம் சரி. எங்க அப்பா காலத்துல ரெண்டு வயசு மட்டக்குதிரை மேலயே மேல்மலையிலேர்ந்து கிழங்கு மூட்டை ஏத்திட்டு வருவாங்க. சீசன்ல சம்பாதிக்காட்டி கொள்ளுக்கும் தவிட்டுக்கும் யார் குடுப்பா?

செண்பகனூர்க்காரர்:
அண்ணே, தீனிச் செலவு நியாயமான கவலை, நானும் அதே செலவு பண்றவன்தான். ஆனா முழங்கால் எலும்போட வளர்ற முனை ரெண்டரை வயசு வாக்குலதான் மூடும். முதுகெலும்புல அது மூட அஞ்சு, ஆறு வயசாகும். ஒழுங்காப் பாத்துக்கிட்டா இருபது வருஷத்துக்கு மேல வாழுற ஜீவன். ஒரு சீசனுக்காக அதோட முதுகைப் பணயம் வைக்கணுமா? வளர்ந்த குதிரைக்கே சேணத்தோட சேத்து உடம்பெடையில அஞ்சுல ஒரு பங்குக்குள்ளதான் ஏத்தணும். 300 கிலோ குதிரைன்னா 60 கிலோ. சவாரிக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் அந்த 60க்குள்ள?

மண் மூட்டையில இன்னொரு ஆபத்தும் இருக்கு. குட்டி துள்ளினா மூட்டை வயித்துக்கடியில சரியும். அப்படி ஒரு தடவை பயந்ததுக்கு அப்புறம் சேண வாரை இறுக்கவே விடாது. முதுகுல மடிச்ச கம்பளி, அது பழகினதும் லேசான வார், ரொம்பப் பின்னாடிதான் சேணம். ஆள் ஏறுறது நாலு வயசுல, அதுவும் கொஞ்ச நேரம்.

பூம்பாறை மேடு:
இரும்பைக் கழட்டிட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். லாயத்து வாசல்ல கயிறு தளர்ந்தா நடக்குது, நான் நின்னா நிக்குது. இந்தச் சீசனுக்கு இல்லைன்னு வீட்லயும் சொல்லிட்டேன். அக்கா, பின்னங்காலுக்கு என்ன பண்றது? வட்டமா ஓட்டிக் களைக்க வெச்சா குடுக்குமா?

லவ்டேல் அக்கா:
களைச்ச குதிரை கத்துக்காது தம்பி. சின்ன வட்டத்துல சுத்திச் சுத்தி ஓடினா வளர்ற மூட்டுக்கும் கேடு, அதை விட்டுருங்க.

தோள்ல வெச்ச கையை எடுக்காம முதுகு, இடுப்பு, தொடைன்னு போங்க. தோல் துடிக்கிற இடத்துல கையை நிறுத்துங்க, துடிப்பு அடங்கினதும் எடுங்க. முழங்காலுக்குக் கீழ கை வேண்டாம். நீளக் குச்சி நுனியில துணி சுத்தித் தடவுங்க. உதைச்சாலும் குச்சி அங்கயே இருக்கணும், கால் நின்னதும்தான் எடுக்கணும். அது பழகின பிறகு, இடுப்பை ஒட்டி வாலைப் பாத்து நின்னு காலைத் தூக்கக் கேளுங்க. முதல்ல குளம்பு நுனி தரையை விட்டு எழும்பினாலே போதும். காலைக் கீழ வைக்கிறது நீங்களா இருக்கணும், அது பிடுங்கிக்க விடாதீங்க.

மண் தரையில இருக்கிற குட்டிக்கு இப்ப லாடம் வேண்டாம். ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பைச் சீவினா போதும். லாடக்காரரை மறுபடி கூப்பிடறதுக்கு முன்னால, அவர் தட்டுற மாதிரி சின்னச் சுத்தியலால குளம்பு மேல நீங்களே லேசாத் தட்டிப் பழக்குங்க. டெட்டனஸ் ஊசி போட்டாச்சா? குதிரைக்கு ஆணிக்குத்து சின்னதா இருந்தாலும் அந்த நோய் சீக்கிரம் பிடிக்கும். பல்லைப் பாக்க டாக்டர் வரும்போதே கேட்டுருங்க.