1937 முடிசூட்டுத் தட்டு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். குன்னூர் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பீங்கான் தட்டு கிடைத்தது. நடுவில் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் படம், அடியில் 1937 மே 12 என்ற தேதி. அவர் முடிசூடவே இல்லை. 1936 டிசம்பரிலேயே அரியணையைத் துறந்துவிட்டார். அதே மே 12 அன்று தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார்.

நடக்காத விழாவின் தட்டு என்பதால் லட்சக்கணக்கில் போகும் என்கிறார் அம்மா. ஆனால் அவர் அரியணை துறப்பதற்கு முன்பே ஆலைகள் இவற்றை ஏராளமாகச் செய்துவிட்டன. அதனால் நான் பெரிய தொகையை எதிர்பார்க்கவில்லை. நியாயமான விலை போதும்.

பின்புறம் பச்சை நிறத்தில் ஒரு கிரீடம், அதன்கீழ் ஸ்டாஃபோர்ட்ஷயர் (இங்கிலாந்தில் பீங்கான் ஆலைகள் நிறைந்த பகுதி) கயிற்று முடிச்சுச் சின்னம், 'மேட் இன் இங்கிலாந்து'. ஆலையின் பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. சுண்டினால் மணிபோல ஒலிக்கிறது, ஆகவே விரிசல் இருக்காது. பொன் விளிம்பு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மங்கியிருக்கிறது.

இந்த முத்திரை எந்த ஆலையுடையது? ஈபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்றுமுடிந்த விலைகளை மட்டும் பார்க்கிறேன். அவையும் மிகவும் வேறுபடுகின்றன. நூறாண்டு ஆகாததால் வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவதைத் தொல்பொருள் சட்டம் தடுக்காது என்று புரிந்துகொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்குப் பீங்கான் அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள், உடையாமல் எப்படிக் கட்டினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். படங்களை இணைத்திருக்கிறேன்.