ஜிம்மில் நிற்கும்போது ட்ரெய்னர் போனைத் தொடலாமா?

வெள்ளவத்தை_கோச்:
இந்த மாதத்திலிருந்து என் போன் லொக்கருக்குள்தான். ஒரு மணித்தியாலத்தை ஒருவருக்கு விற்றால் அது முழுக்க அவருடையது. ஒருவர் முடிந்த பிறகுதான் அடுத்தவர். கொழும்பில் காலி வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள், ட்ரெய்னர்மார் பாதிப் பேர் வட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று எண்ணுகிறார்கள். பாரத்தோடு குந்தி எழும்புகிற ஸ்குவாட்டில் முழங்கால் உள்ளே மடிவதை யார் பார்ப்பது? தொழிலில் இருக்கிற மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

இரும்புத்தட்டு:
அண்ணா, உங்களுக்கு ஆட்கள் நிரம்பிவிட்டார்கள், நீங்கள் சொல்லலாம். நான் கொட்டாஞ்சேனையில் சம்பளம் இல்லாமல் கமிஷனுக்கு நிற்கிறேன். "மாதம் எவ்வளவு?" என்று கேட்டவருக்கு அரை மணித்தியாலம் பதில் போகாவிட்டால் அவர் வேறு ஜிம்மில் சேர்ந்துவிடுவார். பாரமான ஸ்குவாட் செட்டுகளுக்கு நடுவில் மூன்று நிமிடமாவது ஓய்வு கொடுக்கிறோம். ஐந்து செட்டுக்கு 12 நிமிடம் சும்மா நிற்கிறோம். அதில் ஒரு பதில் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளவத்தை_கோச்:
சும்மா நிற்கிற நேரமா அது? மூச்சு எவ்வளவு கெதியாக இறங்குகிறது, இடுப்பைப் பிடிக்கிறாரா, இரவு நித்திரை கொண்டாரா, எல்லாம் அந்த ஓய்வில்தான் தெரியவரும். அடுத்த செட்டுக்குத் தட்டு ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவெடுப்பதும் அப்போதுதான். பெரும்பாலானோர் "வலிக்குது" என்று தாங்களாகச் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஸோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியது இதைத்தான். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததுக்குப் போனால் மனம் முழுதாகக் கூட வருவதில்லை. முதல் வேலையில் ஒரு பகுதி தங்கிவிடும், இரண்டாவது வேலை கெடும். விலை பேசி முடியாத மெசேஜும் பாதியில் விட்ட வேலைதான். ஆள் தூக்குகிற இரும்புப் பாருக்குப் பின்னால் நின்றபடி, "கொஞ்சம் குறைக்க ஏலாதா?" என்றவருக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

இரும்புத்தட்டு:
எனக்கு இரண்டும் ஓடும் அண்ணா. பழகிவிட்டது.

ஆறுமணி_ஸ்குவாட்:
நான் ட்ரெய்னர் இல்லை, காசு கொடுக்கிற பக்கம். யூட்டா பல்கலைக்கழகத்தில் வாட்சனும் ஸ்ட்ரேயரும் 200 பேரை சிமியுலேட்டரில் கார் ஓட்டவிட்டு, கூடவே போனில் நினைவுச் சோதனையும் கணக்கும் கொடுத்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு அது. இரண்டையும் சேர்த்துச் செய்தும் சறுக்காதவர்கள் 2.5 வீதம்தான், அதாவது ஐந்து பேர். கொழும்பில் நான் கண்ட ட்ரெய்னர்மார் எல்லோரும் தங்களை அந்த ஐந்து பேரோடுதான் சேர்க்கிறார்கள்!

ஒருமுறை பெஞ்ச் பிரஸில், அதாவது படுத்தபடி பாரைத் தூக்குவதில், கடைசித் தடவை பார் ஏறவில்லை. ஸ்பொட் கொடுக்க வேண்டியவர், அதாவது பார் ஏறாவிட்டால் பிடித்துத் தூக்கிவிட வேண்டியவர், பக்கத்தில் ரீல்ஸுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாரை நெஞ்சில் இருந்து வயிற்றுக்கு உருட்டித்தான் எழும்பினேன். ஜிம் பெயர் வேண்டாம்.

இரும்புத்தட்டு:
செட் நடக்கும்போது போன் எடுத்தால் அவரை நானே ஏசுவேன். நான் கேட்டது ஓய்வைப் பற்றி மட்டும். இன்னொன்றும் சொல்கிறேன், திட்டுவதென்றால் சேர்த்துத் திட்டுங்கள். ஒரே மணித்தியாலத்தில் இருவரை எடுக்கிறேன். ஒருவர் தூக்கும்போது மற்றவர் ஓய்வெடுப்பார். அதுவும் குற்றமென்றால் திறந்த வெளியில் பத்துப் பேருக்குப் பூட்கேம்ப் நடத்துகிறவர்கள் எல்லாம் மோசடிக்காரரா?

மரைன்டிரைவ்_அக்கா:
இருவர் விஷயத்தில் நான் தம்பி பக்கம். ஒரே ஸ்குவாட் செய்கிற இருவரைப் பார்க்கும்போது கண் தேடுவது ஒன்றைத்தான். ஒருவர் டெட்லிஃப்ட், மற்றவர் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர் என்றால்தான் அது இரண்டு வேலை. கோச், நீங்கள் ஆட்களை எண்ணுகிறீர்கள். எத்தனை விதமான வேலை என்று எண்ணுங்கள்.

ஆனால் போன் விஷயத்தில் தம்பியோடு ஒத்துப்போக மாட்டேன். எனக்கு டொரொண்டோவில் ஒன்லைன் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே காலை 6 மணி என்றால் கோடையில் அங்கே முதல்நாள் இரவு 8.30. "அக்கா, புட்டு சாப்பிட்டிட்டன், பரவாயில்லையா?" என்று வரிசையாக வருவது என் நேரடி வகுப்பு நடக்கிற நேரத்தில்தான். வட்ஸ்அப் பிசினஸில் தானாகப் போகிற பதில் ஒன்றைப் போட்டேன்: கட்டணம், காலியான நேரங்கள், நான் எத்தனை மணிக்குப் பதில் தருவேன் என்பது. விலை கேட்பவருக்கு உடனே விலை போய்விடுகிறது. தம்பிக்கு வேண்டியதும் அதுதானே?

லெரோய் 2018இல் குளோம்ப் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வையும் கோச் சேர்த்திருக்கலாம். ஒரு வேலையை விட்டு எழும்ப முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்து என்ன செய்யப்போகிறோம் என்று சுருக்கமாக எழுதிவைத்தால் மனம் பழைய வேலையில் ஒட்டிக்கிடப்பது குறைகிறது. அதனால் ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை ஐந்து நிமிடம் விடுகிறேன். போனவரின் கார்டில் அடுத்த முறைக்கான பாரத்தை எழுதிய பிறகுதான் அடுத்தவருக்கு வணக்கம். ஜிம் முதலாளிமாருக்கு இந்த ஐந்து நிமிடம் பிடிக்காது, அது வேறு கதை.

வெள்ளவத்தை_கோச்:
ஐந்து நிமிடம் நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். இருவரை எடுப்பதை இன்னும் ஏற்கமாட்டேன். காகிதத்தில் மாறி மாறி வரும். ஒருவர் ட்ராஃபிக்கில் சிக்கிப் பத்து நிமிடம் பிந்தினால் ஒருவர் வோர்ம்-அப்பில், மற்றவர் பாரமான செட்டில். அக்கா சொன்ன இரண்டு வேலை அங்கேயே வந்துவிடும்.

இரும்புத்தட்டு:
பிந்தினால் அவருக்கு அந்த நேரம் போச்சு, சேரும்போதே சொல்லிவிடுவேன். அக்கா சொன்ன பதிலைப் போட்டுப் பார்க்கிறேன். லொக்கர் மட்டும் சரிவராது, ப்ரோகிராமும் ஸ்டொப்வோச்சும் போனில்தான்.

வெள்ளவத்தை_கோச்:
புறக்கோட்டையில் ஸ்டொப்வோச் விற்கிறார்கள் தம்பி. கொப்பியும் விற்கிறார்கள்.

ஆறுமணி_ஸ்குவாட்:
இருவரை எடுக்கும்போது ஆளுக்கு அரைவாசிக் காசா?

இரும்புத்தட்டு:
முக்கால்வாசி. அரைவாசிக்கு இறக்கினால் ஜிம்முக்குக் கொடுத்த பிறகு எனக்கு மிஞ்சாது.

வெள்ளவத்தை_கோச்:
பெஞ்ச் நாளிலாவது ஒருவரை மட்டும் எடுங்கள்.

இரும்புத்தட்டு:
பெஞ்ச் நாளில்தான் சுகம் அண்ணா, இருவரும் ஒருவருக்கொருவர் ஸ்பொட் கொடுத்துக்கொள்கிறார்கள்.

ஆறுமணி_ஸ்குவாட்:
ஸ்பொட் கொடுப்பது அவர்கள், முக்கால்வாசிக் காசு உங்களுக்கா?