மறு: வெண்புள்ளி நோய் – கடல்நீர்த் தொட்டிக்கு இந்தப் பெயர் போதாது

குழுவினருக்கு வணக்கம். கடல்மீன் தொட்டியில் வரும் ஒட்டுண்ணி நோய்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் நீங்கள் சொன்னவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> வெண்புள்ளி நோய் என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிய சொல், எல்லோருக்கும் புரியும். புதிதாக ஒன்று எதற்கு?

எல்லோருக்கும் புரிகிறது, ஐயா. ஆனால் ஆளுக்கு ஒன்றாகப் புரிகிறது. அந்தச் சொல்லை நம்பி நான்கு மீன்களை முருங்கை மரத்தடியில் புதைத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காட்பாடி. வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து ஊற்றுவது வழக்கம். சித்திரைக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு நீல சர்ஜன் மீனைப் பாலித்தீன் பையில் ரயிலில் கொண்டுவந்தேன். தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காமல் நேராக உள்ளே விட்டேன். அது என் தப்பு.

நாலாம் நாள் காலையில் கோமாளி மீன் இரண்டும் (எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘நீமோ’ என்றால்தான் தெரியும்) வேவ்மேக்கர் (அலை எழுப்பும் பம்பு) தள்ளும் தண்ணீருக்கு நேரே போய் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. தீனியைத் தொடவில்லை. செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. படம் எடுத்து, பழக்கமான மீன் கடைத் தம்பிக்கு அனுப்பினேன். “வெள்ளைப் புள்ளிதாண்ணா. கல்லுப்பு போட்டு ஹீட்டரை ஏத்தி வுடுங்க, சரியாப் பூடும்” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நன்னீர் மீனுக்கு வரும் வெண்புள்ளிக்கு, அதாவது இக்தியோப்திரியஸ் என்ற ஒட்டுண்ணிக்கு, அதுதான் வழக்கமான வைத்தியம். ஆனால் கடல்நீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு என்ன ஆகப்போகிறது? ஹீட்டர் கதை இன்னும் மோசம். கத்திரி வெயிலில் வேலூரில் தொட்டி தானாகவே 31 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். உப்புநீரில் அது முதலிலேயே நன்னீரைவிடக் குறைவு. மூச்சுக்குத் தவித்தவற்றுக்கு நான் கம்பளி போர்த்திவிட்டிருக்கிறேன்.

மறுநாள் இரவுக்குள் மூன்று போய்விட்டன. அதே தொட்டியில் இறாலும் நத்தையும் ஒன்றுமே நடக்காத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் புத்தி வந்தது. தண்ணீர் கெட்டிருந்தால் அவையும் சேர்ந்து தவித்திருக்கும். அமோனியா சோதனையும் சுழியம்தான். மீன் மட்டும் சாகிறதென்றால் மீனைப் பற்றும் ஏதோ ஒன்று இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த சர்ஜன் மீன்மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். புள்ளி என்று ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்கச் சல்லடையில் மாவு சலித்த மாதிரி, மஞ்சள் கலந்த மெல்லிய பொடி. அமைலோடினியம் என்ற ஒட்டுண்ணி. ஆங்கிலத்தில் வெல்வெட் என்கிறார்கள்.

கடல்மீனுக்கு உண்மையிலேயே புள்ளி போடுகிற ஒட்டுண்ணியான கிரிப்டோகாரியான் இது இல்லை. அதன் புள்ளிகள் உப்புக்கல் மாதிரி இருக்கும், எண்ணிவிடலாம். அது மீன்மேல் 3 முதல் 7 நாள் இருந்துவிட்டு உதிரும், தரையில் கூடு கட்டும், அங்கே பெருகித் திரும்ப வரும். உதிர்ந்த நாளில் ‘குணமாகிவிட்டது’ என்று ஏமாறாதவர் குறைவு. ஆனாலும் அது நமக்கு நாள் தரும். வெல்வெட் தராது. முதலில் செவுளில்தான் பிடிக்கும். தோலில் பொடி தெரிவதற்குள் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். இரண்டுக்கும் தாமிர மருந்துதான், அதுவும் தனித்தொட்டியில். இறால், பவளம் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் அவை செத்துவிடும். (தாமிர மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. மயில்துத்தம் (தாமிரம்) வேறு, துத்தநாகம் (ஜிங்க்) வேறு. எழுதுகிறவர்கள் இதையாவது குழப்பாமல் இருங்கள்.) மருந்து ஒன்றுதானே, பெயர் எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். அவசரம் இரண்டுக்கும் ஒரே அளவில்லையே. நாளைக்குப் பார்க்கலாமா, இப்போதே ஓட வேண்டுமா என்பதைப் பெயரே சொல்ல வேண்டும்.

‘வெண்புள்ளி’யோ வேறு பல வேலைகளில் இருக்கிறது. வெண்குஷ்டம் என்று சொல்லக் கூடாது என்று மனிதருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். 1994-95 வாக்கில் கீழைக் கடற்கரை இறால் பண்ணைகளை அழித்த வைரஸுக்கும் அதே பெயர்தான்.

> மூலச்சொல்லின் பொருளே மீன்பேன்தான். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இக்தியோப்திரியஸுக்குப் பொருள் அதுதான், சரிதான். ஆனால் குளத்து மீன் வளர்க்கிறவர்கள் ஆர்குலஸ் என்ற வேறோர் ஒட்டுண்ணியை மீன்பேன் என்கிறார்களே. அது கண்ணுக்குத் தெரியும், இடுக்கியால் பிடுங்கியே எடுக்கலாம்.

> வெல்வெட்டுக்குப் பட்டு நோய்.

ஆரணி பக்கத்தில் இருந்துகொண்டு இதை நான் ஏற்றால் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். அப்புறம், செத்த மீனைப் பார்த்து யாருக்குப் பட்டு நினைவுக்கு வரும்? நானே முதலில் ‘மாவுப்பூச்சு’ என்று எழுதி வைத்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, “பப்பாளியில வருமே, அந்த மாவுப்பூச்சியா?” என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

நம் பாட்டிகள் இதற்கெல்லாம் கஷ்டப்படவே இல்லை. மேலே மணலை வாரி இறைத்த மாதிரி இருந்ததால் தட்டம்மைக்கு மணல்வாரி அம்மை என்று பெயர். ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று யாரும் பார்க்கவில்லை, குழந்தையின் முதுகைப் பார்த்தார்கள். அந்த வழியில் நான் முன்வைப்பவை இரண்டு: கிரிப்டோகாரியானுக்கு உப்புவாரி, அமைலோடினியத்துக்குப் பொடிவாரி. உப்புவாரி என்றால் எண்ணிப் பார். பொடிவாரி என்றால் டார்ச்சை எடு, உடனே தனித்தொட்டியைத் தயார் செய். இதற்குப் பிறகு தொட்டியை மீனில்லாமல் வாரக்கணக்கில் போட்டு வைப்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். ‘தரிசு’ இருக்கிறது. உப்புவாரிக்கு 76 நாள் தரிசு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

வரைவைத் தூத்துக்குடி அக்காவுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். அவர் பதில்:

> எங்க ஊர்ல உப்பு வாருறது தொழில் தம்பி. உப்புவாரின்னா உப்பளத்து ஆளுன்னுதான் நினைப்பாங்க.

நியாயம்தான் அக்கா. ஆனால் எங்கள் பாலாற்றில் லாரி லாரியாக மணல் வாரினார்கள். அதனால் மணல்வாரி அம்மைக்கு யாரும் பெயர் மாற்றவில்லை. நோய் என்ற சொல்லைப் பின்னால் சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

ஒன்று மட்டும். அகராதியில் ஏற்றுகிறவர்கள் இரண்டு பெயரையும் இடம் விடாமல் சேர்த்தே எழுதுங்கள். ‘உப்பு வாரி’ என்று இடம் விட்டால் வினையெச்சமாகிவிடும். படிக்கிறவர் ‘வாரி என்ன செய்தார்?’ என்று தேடுவார்.